ஸ்டெல்லா அக்கா வீட்டில் நான் ஜெயித்த வாதம்

போன வெள்ளிக்கிழமை ஒரு வாதத்தில் ஜெயித்தேன். அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். வாரம் ஒரு வீடு. பாட்டு, வேத பாடம், ஜெபம், அப்புறம் சாப்பாடு. இந்த முறை செந்தூல் ஃபிளாட்டில், ஸ்டெல்லா அக்கா வீடு. கதவைத் திறக்கும்போதே அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஜோயல் வந்திருக்கான் பிரதர். ரூம்ல இருக்கான். இறால் சம்பல் கேட்டான்லா, அதான் செஞ்சிருக்கேன்."

ஜோயல் அக்காவின் ஒரே மகன். அம்பாங்கில் இன்னொரு பையனோடு சேர்ந்து வாழ்கிறான். 'ரூம்மேட்' என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். உண்மை சபைக்கே தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டோம் – இந்த விஷயத்தில் நாங்கள் கில்லாடிகள். பல மாதமாக வீட்டுப் பக்கமே வராதவன், அன்றுதான் வந்திருந்தான்.

வேத பாடம் நடத்துபவர் ஞானசேகரன் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அதிகாரம் அதிகாரமாக, வரிசை மாறாமல் போவார். அன்று வரிசையில் வந்தது, ஆணோடு ஆண் சேர்வதை அப்போஸ்தலன் பவுல் கண்டிக்கிற பகுதி. 'இன்றைக்கு வேறு எதையாவது பார்க்கலாமே சார்' என்று ஒருவர் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. நானும்தான்.

வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பது எங்கள் வழக்கம். சுற்றி வந்ததில் அந்த வசனம் அக்காவுக்கே விழுந்தது. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி வாசித்தார். மகனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கதவுதான்.

"தெளிவா எழுதியிருக்கு. இதுல விளக்கம் சொல்ல ஒன்னுமில்ல" என்றார் சார்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனாயிற்றே!

"பவுல் கண்டிச்சது அந்தக் காலத்து அக்கிரமத்த சார். அடிமைங்கள நாசம் பண்ணாங்களே, அத. மனசு ஒத்து ஒன்னா வாழுறவங்கள அவரு பாத்திருப்பாரா?"

"பழைய ஏற்பாட்டுலயும் இதான் இருக்கு. இன்னிக்கு இதுக்கு விளக்கம் சொல்வீங்க, நாளைக்குப் பத்துக் கட்டளைக்கும் சொல்வீங்க!"

"பழைய ஏற்பாட்டுல இறால் சாப்பிடுறதும்தான் அருவருப்பு. அப்ப அக்கா செஞ்ச சம்பல என்ன பண்றது சார்?"

ஹாலே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் ஜோயல் பக்கம்தான் பேசினேன். இன்றும் என் கருத்து அதுதான். ஆனால் என்ன பிரயோஜனம்? ஒருவனை உள்ளே உட்கார வைத்துவிட்டு, அவன் பாவியா இல்லையா என்று வெளியே பட்டிமன்றம் நடத்தினால்... அதில் எந்த அணியில் இருந்தால்தான் என்ன?

சிரிப்பு அடங்குவதற்குள் கதவு திறந்தது. தோளில் பையோடு ஜோயல்.

"வரேன் சார். வரேன் அங்கிள்." என் பக்கமும் தலையசைத்தான். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சாப்பிட்டுட்டுப் போப்பா..." அக்கா பதறி எழுந்தார்.

"வெளிய சாப்பிட்டுக்கிறேன்மா."

லிப்ட் இறங்குகிற சத்தம் கேட்டது. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முடிவு ஜெபத்துக்கு யாருக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் மகளுக்கு வேலை. அக்காவின் முறை வந்தது.

"நீங்கல்லாம் கெளம்பினதும் எம்மவன் திரும்பி வந்து சாப்பிடணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க பிரதர்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

எல்லோரும் அப்போதே எழுந்து கிளம்பியிருந்தால், அந்த ஜெபத்தில் பாதி அங்கேயே நிறைவேறியிருக்கும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக, உருக்கமாக ஜெபித்தோம்.

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.