ஓக் கட்டையும் ஒரு கிண்ணம் நெய்யும்

கணபதி என்ற பகுதியில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் பரம மரியாதைக்காரர். உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ளவர். சாவியைக் கொடுத்தபோது, "மத்ததெல்லாம் உங்க இஷ்டமுங்க. ஆனா சாராயம், பிராந்தின்னு ஒரு சொட்டு உள்ள வந்துச்சுன்னா அன்னைக்கே காலி பண்ணச் சொல்லிப்போடுவனுங்க" என்றார். மிரட்டலுக்கும் 'ங்க' போடுகிற மனிதரிடம் என்ன சொல்வது? நாங்களும் "சரிங்க" என்றோம். எங்களைப் போன்ற கிறிஸ்தவர் வீட்டில் பண்டிகைக்குப் போடும் ஒயின் சாராயத்தில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். அந்த வாடகைக்கு வேறு வீடும் கிடைக்காது.

ஒவ்வொரு வருடமும் கிறிஸ்மஸுக்குக் கறுப்புத் திராட்சையில் ஒயின் போடுவேன். தொண்ணூற்று ஐந்தோ ஆறோ, என் கணவர் வேலை பார்த்த பீளமேட்டு மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரம் வந்தது. அதைப் பூட்ட வந்த வெள்ளைக்காரர், இயந்திரத்துக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்திருந்த கட்டைகளைத் தட்டிக் காட்டி, "இது ஓக் மரம். எங்கள் ஊரில் வெள்ளை ஒயினை இந்த மரப் பீப்பாயில்தான் வைத்திருப்போம்" என்றாராம். என் கணவர் ஃபிட்டர். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? விறகுக்கு ஒதுக்கிய கட்டையில் ஒரு துண்டு மறுநாளே சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வந்துவிட்டது.

பீப்பாய்க்கு எங்கே போவது? ஒயினை மரத்துக்குள் ஊற்ற முடியாவிட்டால் மரத்தை ஒயினுக்குள் போட்டுவிடலாம் என்றார். அது கோடைக்காலம். தள்ளுவண்டியில் பச்சைத் திராட்சை மலிவாக வந்தது. வெள்ளை ஒயினுக்கு அதுதான் தோது. கறுப்பைப் போலத் தோலோடு ஊறப்போடாமல், சாற்றை மட்டும் பிழிந்து வேட்டித் துணியில் வடிகட்டி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் விட்டேன். நுரை அடங்கியதும் தெளிவை மட்டும் இறுத்தோம். அவர் கட்டையைச் சில்லுகளாகச் சீவி, அடுப்பில் அப்பளம் மாதிரி வாட்டி உள்ளே போட்டார். ருசி பார்த்தேன். புளிப்பு உச்சிக்கு ஏறியது. "பொறு" என்றார்.

பொறுத்தேன். இரண்டு மாதத்தில் நிறம் இளம் பொன்னாகிவிட்டது. புளிப்பு மழுங்கி நாக்கில் வழவழவென்று நின்றது. கடைசியில் லேசாக ஒரு துவர்ப்பு. அந்த மரம் ஏற்றிய வாசம்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஜாடியைத் திறந்தால் வெனிலாவும் வெண்ணெயுமாக வீடே மணந்தது.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரரின் மனைவி கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மணி, தெனமும் நெய் காச்சறயாட்ட இருக்குது?"

"ஆமாங்க்கா" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அரைக் கிலோ வெண்ணெய் வாங்க வேண்டியதாயிற்று. உருக்கி ஒரு கிண்ணம் நெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோந்து பார்த்தவர், "இந்த வாசமில்லையே கண்ணு" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கி என் சமையலறைக்கே வந்துவிட்டார்.

மூக்கு அவரை நேராக அரிசி டிரம்முக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனது. ஜாடியின் துணியை அவிழ்த்தார். ஒரு டம்ளரை எடுத்து மொண்டார். இனி எந்தத் தெருவில் வீடு தேடுவது என்றுகூட நான் யோசித்துவிட்டேன். அவரோ நிதானமாகக் குடித்து முடித்து, முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருசத்துக் கறுப்பு இத்தன நல்லா இல்ல அம்மணி" என்றார்.

"அது உங்களுக்கு எப்படிங்க்கா...?" என்றேன்.

"கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறப்ப சாவிய எங்கிட்டத்தான குடுத்துட்டுப் போனீங்க?"