அம்மா பெயில் ஆன சனிக்கிழமை

நான் நான்காம் வகுப்பு படித்தபோது என் அம்மாவுக்கு மாத்திரை நின்றுபோனது. அதற்கு நான்தான் காரணம். வேண்டுமென்று செய்யவில்லை. பெருமையடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் அவள் தம்பியான என் மாமாவுக்கும் ஒரே நோய். மதுரை டாக்டரம்மா சீட்டில் பைபோலார் என்று எழுதியிருந்தார். சில வாரம் மனசு உச்சாணிக்கொம்பில் நிற்கும், பிறகு பல வாரம் பள்ளத்தில் கிடக்கும். உச்சாணியில் இருக்கும்போது மாமா தன் காட்டை உழுதுவிட்டுப் பக்கத்துக் காட்டையும் சேர்த்து உழுதுவைப்பார். அந்தக் காட்டுக்காரர் குறை சொன்னதாக ஞாபகமில்லை. அம்மா ஒரே வாரத்தில் அடுப்படிக்கு மூன்று தடவை வெள்ளையடிப்பாள், நான்கு வீட்டோடு சண்டைக்குப் போவாள். மாமாவை ஊர் ‘பாவம், மண்டைக்கு முடியல’ என்றது. அம்மாவை ‘வாய்க்காரி’ என்றது. இருவர் சீட்டிலும் நோயின் பெயர் ஒன்றுதான், அதை யாரும் வாசிக்கவில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் திருச்சுழியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி, மதுரைக்குப் போவார்கள். நானும் ஒட்டிக்கொள்வேன். ரத்தம் எடுக்கும் அறைக்கு வருஷக்கணக்காகப் போய் வந்தும், வெளியே வந்தால் அம்மா தப்பான பக்கம்தான் திரும்புவாள். மாமாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்.

அப்படி ஒரு சனிக்கிழமை டாக்டரம்மா இருவருக்கும் பரீட்சை வைத்தார். வாளி, சேவல், மழை, கதவு என்று பதினைந்து வார்த்தைகளை வாசித்து, அரைமணி கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா பதினைந்தையும் வரிசை மாறாமல் சொன்னாள். மாமா ஆறு சொன்னார், அதில் உரமூட்டை என்பது பட்டியலிலேயே இல்லை. அடுத்து, கோடும் கட்டமுமாக ஒரு படத்தைக் காட்டி மறைத்துவிட்டு, அதேபோல வரையச் சொன்னார். மாமா ஒரு கோடு விடாமல் போட்டுவிட்டார். அம்மா நான்கு கோடு இழுத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு பேருக்கும் நோய் ஒண்ணுதான். அது ஆளுக்கு ஒரு இடத்துல கைவைக்கும்” என்றார் டாக்டரம்மா. “பொம்பளைங்க பல பேருக்கு வார்த்தை மனசுல நிக்கும், ஆம்பளைங்க பல பேருக்கு இடமும் வழியும் நிக்கும். எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது. வார்த்தை நல்லா நிக்குதுன்னு மாத்திரைய விட்டுறக் கூடாதும்மா.”

இதெல்லாம் என் காதில் எங்கே ஏறியது? எங்கள் பள்ளியில் டிராயிங்குக்கு மார்க் கிடையாது. ஆகவே நான் படத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் உரக்கடையிலிருந்து வந்த அப்பாவிடம் ஓடி, அம்மா பதினைந்துக்குப் பதினைந்து, பாஸ், மாமா பெயில் என்று சொன்னேன்.

அப்பா சிரித்தார். பாஸானவளுக்கு எதற்கு மாத்திரை என்றார். டாக்டரம்மா சொன்னதை அம்மா ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். அதுவே அவளுக்கு எதிராகப் போயிற்று. “இம்புட்டும் ஞாபகம் வச்சிருக்கவளுக்கு என்ன நோவு? ஒனக்கு இருக்கது வாயிதான்” என்றார் அப்பா. மறுமாதத்திலிருந்து மாமா மட்டும் மதுரைக்குப் போனார்.

மூன்றாம் மாதம் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் அருப்புக்கோட்டைக்குத் தனியாகப் போனவள், திரும்பும்போது திருச்சுழி பஸ் என்று நினைத்துத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி, பந்தல்குடியில் இறங்கி, லாரி போகும் ரோட்டில் தெற்கே நடந்திருக்கிறாள். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்பது மாமாவுக்கு அத்துப்படி. திருச்சுழி பஸ்ஸுக்குப் பக்கத்தில் எது நின்றிருக்கும் என்று யோசித்து, போய்க் கூட்டிவந்தார். செருப்பில்லாமல், கால் வெந்து வந்தாள். நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினேன். அவளோ எதிரே வந்த லாரிகளின் நெற்றியில் எழுதியிருந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். இவ்வளவு சொல்கிறவள் வேண்டுமென்றேதான் போயிருக்கிறாள் என்று அப்பா முடிவுகட்டினார்.

மாமா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும், அக்கா வராவிட்டால் தானும் இனி மதுரைக்குப் போகப்போவதில்லை என்றார். அப்பா யோசித்தார். பிறகு, “சரி, போயி இன்னொருக்கா டெஸ்ட்டு எடுங்க. மார்க்கு கொறஞ்சா மாத்திர வாங்கித் தாரேன்” என்றார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து மதுரைக்குப் போன சனிக்கிழமை வேறு பதினைந்து வார்த்தைகள். அரைமணி கழித்து அம்மா தாம்பாளம், ஓணான், சீப்பு, பாலம் என்று நான்கு சொல்லி நிறுத்திவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. அடுத்தது தவிடு என்று காதோடு சொன்னேன். அவள் என் காலை நறுக்கென்று மிதித்தாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி பேனாவை எடுத்துப் பழைய மாத்திரையையே எழுதினார்.

திரும்பும்போது பஸ் காரியாபட்டி தாண்டியது. மாமா முன்சீட்டில் தூங்கிவிட்டார். அம்மா ஜன்னலைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். தாம்பாளம், ஓணான், சீப்பு, பாலம், தவிடு, எலுமிச்சை... பதினைந்தும் வந்தது. பாவம், பரீட்சை முடிந்து மணி அடித்த பிறகு விடை ஞாபகம் வருகிற வியாதி எனக்கும் உண்டு. அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று அவள் கையைத் தடவி ஆறுதல் சொன்னேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஒங்கப்பா கேட்டா நாலுன்னு சொல்லு. நாலுதான், என்னத்தா?”

சாயங்காலம் அப்பா என்னைத்தான் கேட்டார். நாலு என்று சொல்ல மனசு வரவில்லை. அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற ஒன்றைக் கூட்டி, ஐந்து என்றேன். அப்பா சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குக் கிளம்பினார்.

ஒரு மார்க் சேர்த்துப் போட்டதற்கு அம்மா சந்தோஷப்படுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, அப்பா தெருமுனையில் மருந்துக் கடைப் பக்கம் திரும்பும்வரை மூச்சு விடாமல் நின்றாள்.