தவிட்டுக்கு விற்ற மகள்

என் தங்கைக்கு மலை பிடித்துப்போய்விட்டது என்று கேள்விப்பட்ட நாளே எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது. நாங்கள் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. பொழுது சாய்ந்தால் கேட்டை மூடிவிடுவார்கள். பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்குப் போய் உப்புக் கேட்கவும் யோசிக்க வேண்டும். அவளோ ஜெராய் மலைச் சரிவில், துரை பங்களாச் சமையல்காரரைக் கட்டிக்கொண்டு, இரவில் கம்பளி போர்த்திப் படுக்கிறாளாம். கெடாவில் கம்பளி! நாங்கள் இங்கே வேர்த்து ஊற்றி, விசிறி மட்டையை வீசி வீசிக் கை ஓய்ந்து கிடந்தோம். மலையிலும் முள்வேலி உண்டு, துப்பாக்கிக்காரன் காவல் உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். குளிரில் இருக்கிறவர்களுக்கு முள்வேலி ஒரு கேடா என்று கேட்டேன்.

கம்பளியெல்லாம் சும்மா. உண்மையான எரிச்சல் என் மகளைப் பற்றியது.

எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அடுத்து இவள் பிறந்ததும் லயத்துப் பெண்கள் கூடிப் பேசி, இதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் தவிட்டுக்கு விற்றுவிடு என்றார்கள். எங்கள் சனங்களிடம் உள்ள வழக்கம்தான். பெற்றவள் பிள்ளையை வேறொருத்திக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்பாள். வாங்கியவள், "இது என் பிள்ளை, நீ வளர்த்துக் கொடு" என்று சொல்லி, பெற்றவள் மடியிலேயே திரும்பப் போட்டுவிடுவாள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன்கூடச் சீந்தமாட்டான் என்று நம்பிக்கை. பிள்ளை தேறி ஓடியாடத் தொடங்கியதும், பெற்றவள் தன் வீட்டிலிருந்து தவிடு கொண்டுபோய்க் கொடுத்து மீட்டுக்கொள்வாள்.

அன்று வாங்கியவள் என் தங்கை. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முறத்தில் தவிட்டை அள்ளி வந்து கொட்டிவிட்டு, பிள்ளையை வாங்கி முத்தம் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

பிறகு அவள் கல்யாணமாகி மலைக்குப் போனாள். அவசரகாலக் கெடுபிடி வந்து, ஊர் விட்டு ஊர் போவதே பெரும் பாடாயிற்று. மகளுக்கு நாலு வயது ஆகியும் நான் தவிடு கொடுத்து மீட்கவில்லை. இதற்கிடையில் எனக்கு ஒரு மகனும் பிறந்துவிட்டான். தங்கைக்கோ இன்னும் ஒன்றும் இல்லை. ஒரு நாள் அந்த மலைத் தோட்டத்து லோரி டிரைவர் எங்கள் பக்கம் வந்தபோது அவள் சொல்லி அனுப்பிய சேதியைச் சொன்னார்: "என் பிள்ளைய எப்பக் கொண்டாந்து காட்டப்போறே, அக்கா?"

என் பிள்ளையாம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"தீவாளிக்கு முன்ன போயிட்டு வந்துடலாம்," என்றேன் வீட்டுக்காரரிடம். இவளுக்குத் திடீரென்று தங்கை பாசம் எங்கிருந்து வந்தது என்று அவர் முழித்தார். லயத்தில் மாடு வைத்திருந்தவளிடம் நல்ல தவிடாகக் கேட்டு வாங்கினேன். மகனுடைய சின்னத் தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சை எடுத்துவிட்டுத் தவிட்டை நிரப்பித் தைத்தேன். மலைச் சாலையில் தடை போட்டிருந்தார்கள். அரிசி, சர்க்கரை, பால் டின் எதுவும் அதற்கு மேல் போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். தவிடு சாப்பாடு இல்லைதான், மாடு தின்பது. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒளித்தேன்.

பஸ் ஏறி சுங்கை பட்டாணி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் குருண். அங்கே தோட்டத்து லோரிக்குக் காத்திருந்தோம். மகள் வழியெல்லாம் இருமினாள். அந்த வருஷம் முழுவதும் அவளுக்கு இருமல்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தைக் குடித்துக் குடித்து நாக்கே கறுத்துப்போயிருந்தது. "மலையில சின்னம்மா இருக்காங்களா? சின்னம்மா வீட்டுல மேகம் வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்த்து நினைவில்லாத சின்னம்மாவுக்கு இத்தனை விசாரிப்பு.

தடையில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்களைப் போலீஸ் மாத்தாக்கள் தடவிப் பார்த்தார்கள். பெண்களைச் சோதிக்கக் கோணிச் சாக்கு மறைப்புக்குள் ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள். என் மகனைத் தூக்கிக் கொஞ்சினாள். பிறகு தலையணையைத் தூக்கினாள். அவள் முகம் மாறியது. இலவம்பஞ்சு அந்தக் கனம் கனக்குமா என்ன?

வெளியே கொண்டுபோய் ஒரு மாத்தாவிடம் கொடுத்தாள். அவன் கத்தியால் தையலைப் பிரித்தான். தவிடு கொட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டு, "டெடாக்?" என்றான். மலாயில் தவிட்டுக்கு அதுதான் பெயர். கோழித்தீனி என்றால் ஏன் தலையணைக்குள் ஒளித்தீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டான். அவருக்குத் தலையணை விஷயமே தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும்.

"தங்கச்சிகிட்ட புள்ளைய மீக்கறதுக்குங்க," என்றேன் மெதுவாக.

"அடிப்பாவி," என்றார். பிறகு அவனிடம் திரும்பி, தமக்குத் தெரிந்த மலாயில், கையால் மகளைக் காட்டி, "பெலி அனாக்," என்றார். பிள்ளையை வாங்க.

மாத்தா மகளைப் பார்த்தான். தவிட்டைப் பார்த்தான். மறுபடியும் மகளைப் பார்த்தான். "இந்தப் பிள்ளையையா? இதற்கா?" என்று கேட்டான். வீட்டுக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். நாங்கள் காட்டுக்குச் சாப்பாடு கடத்துகிறவர்கள் இல்லை, வெறும் பைத்தியங்கள் என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அடையாளக் கார்டை வாங்கி எழுதிக்கொண்டு, வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்து, கடைசியில் போகச் சொன்னான். தவிட்டை மட்டும் சாலையோர வாய்க்காலில் உதறினான். தண்ணீரில் அது பரவிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தலாமா என்றிருந்தது. லோரியில் ஏறியதும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். மேலே போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

தங்கை வேலிக் கேட்டருகே நின்றிருந்தாள். இளைத்து, இன்னும் அழகாயிருந்தாள். இரண்டு பெற்றுப் புதைத்து இரண்டு வளர்க்கிறவளின் உடம்பும் அவள் உடம்பும் ஒன்றாகுமா? அவள் கையை நீட்டினாள். தெரியாதவர் கை பட்டாலே வீறிடும் என் மகள், ஒரு வார்த்தை பேசாமல் அவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தியாக்கா, தவிடு குடுத்தவளத் தெரியுது அதுக்கு," என்று சிரித்தாள்.

வந்து கால் கழுவக்கூட இல்லை. அதற்குள் தவிடு.

வீட்டுக்குள்ளேயே குழாய். திறந்தால் ஐஸ் தண்ணீர். சிமெண்டுத் தரை. துரைசானி கழித்துப் போட்ட திரைச்சீலையில் மகளுக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருந்தாள். பூப்போட்டு, கழுத்தில் சுருக்கம் வைத்தது. அளவு அத்தனை பொருத்தம். வளர்ந்த பிறகு கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு எப்படித் தைத்தாய் என்று கேட்டேன். "நாலு வயசுப் புள்ள எம்புட்டு இருக்கும்னு தெனம் நெனச்சுப் பாக்குறதுதானே," என்றாள்.

அரிசி காட்டுக்குப் போய்விடும் என்று அங்கே யார் வீட்டிலும் உலை வைக்கக்கூடாது. தோட்டத்துக்கே பொதுவாகச் சோறு ஆக்கி வாளியில் அளந்து ஊற்றினார்கள். குழைந்த சோறு, உப்பு கூடுதல். நான் கெஞ்சிக் கூத்தாடினாலும் வாயைத் திறக்காத என் மகள், அந்தச் சோற்றை அவள் கையால் உருண்டை உருண்டையாக வாங்கித் தின்றாள். தலை வாரும்போது என்னிடம் கத்துகிறவள், அவள் மடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். இவையெல்லாம் வேண்டுமென்றே என் கண்முன்னால் நடக்கின்றன என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

மறுநாள் இருமல் நின்றுவிட்டது. அதுதான் எனக்கு வினையாக வந்தது. சாயங்காலம் வெளியே உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது, தங்கை என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினாள்.

"மச்சான், புள்ள இங்கயே கொஞ்ச நாளு இருக்கட்டுமே. காத்து ஒத்துக்குதுல. பெரிசானதும் கொண்டாந்து விடறேன்."

"யோசிக்கலாம்லா," என்றார் அவர். "ராவெல்லாம் இருமி இருமிப் புள்ள தூங்கறதேயில்ல. இங்க வந்து ஒரு நாளு, பாரேன்."

பெரிசானதும்! யாருக்குப் பெரிசானதும்? என் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தேன். வைத்தேனா, எறிந்தேனா தெரியாது.

"அதுக்குத்தான் தவிடு கொண்டாந்தேன்!" என்று கத்தினேன். "முறம் நெறையக் கொண்டாந்தேன். வழியில கொட்டிட்டானுங்க. இல்லேன்னா வந்த கையோட ஒம்மூஞ்சில விட்டெறிஞ்சுட்டு எம்புள்ளய எடுத்திருப்பேன். ஒனக்கு வேணும்னா நீ பெத்துக்கோ!"

சொல்லி முடித்ததும் அவள் புருஷன் எழுந்து பங்களாப் பக்கம் நடந்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை மட்டும் என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காலையில் கீழே போகும் லோரி வந்து நின்றது. மூட்டையைக் கட்டி வெளியே வந்தால், வாசலில் தங்கை முறத்தோடு நிற்கிறாள். முறம் நிறையத் தவிடு. துரையின் கோழிகளுக்கு வரும் தவிட்டில் கேட்டு வாங்கி வந்தாளாம். முறத்தை என் கையில் கொடுத்தாள்.

"குடு," என்றாள்.

"இது எங்க வீட்டுத் தவிடு இல்லியே."

"வாங்கிக்கிறவ நானு. நான் செல்லும்னா செல்லும். குடுக்கா, லோரி நிக்காது."

முறத்தை நீட்டினேன். அவள் வாங்கிக் கீழே வைத்தாள். புதுக் கவுனில் நின்ற மகளைத் தூக்கி, முத்தம் கொடுக்காமல், என் கையில் திணித்தாள். வழக்கப்படி சொல்ல வேண்டியதை, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "ஒம்புள்ளய நீ எடுத்துக்கோ. எனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லோரி டிரைவர் ஹாரன் அடித்தும் வெளியே வரவில்லை.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. லோரியில் மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மகன் வீட்டுக்காரர் மடியில் தூங்கினான். வளைவுக்கு வளைவு குளிர் குறைந்து வெயில் ஏறியது. தடைக்கருகே வந்ததும் அதே மாத்தா எட்டிப் பார்த்து, மகளைக் காட்டிச் சிரித்து, வாங்கிவிட்டீர்களா என்று கேட்டான். வீட்டுக்காரர் ஆமாம் என்றார்.

கீழ்ச் சாலைக்கு வந்ததும் மகள் மறுபடியும் இருமத் தொடங்கினாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கையைத் தள்ளிவிட்டாள். கண்ணீர் வழிய, மலைப்பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"சின்னம்மா என்னைய ஏம்மா வித்துட்டாங்க?"

அவளை முதலில் விற்றவள் நான். அப்போது அவள் அழவில்லை. பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.