ஒரு ஞாயிறும் தவறாமல்

நான்கு வருடமாக நான் தேவாலயத்துக்குப் போனது கடவுளைக் கும்பிட அல்ல, என் மகள் செத்துப்போகாமல் இருக்க. இதை இப்படி நேராகச் சொல்ல இந்த வயதில்தான் வாய் வருகிறது. அப்போது யாராவது கேட்டிருந்தால், ஆராதனைக்குப் போகிறேன் என்று முறைத்துக்கொண்டு சொல்லியிருப்பேன்.

எங்கள் வீடு படுவான்கரையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம். தேவாலயம் கிழக்கே, எதிர்க்கரையில். நடுவில் தோணியில் அரை மணி நேரத் தண்ணீர். என் அப்பா உபதேசியாராக இந்தக் கரைக்கு வந்து ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அதன் பக்கத்தில் ஒரு வீட்டையும் கட்டி, இரண்டையும் என் தலையில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வீடு சீதனம், பள்ளிக்கூடம் தலைவிதி. எங்கள் பக்கத்து வழக்கப்படி, என்னைக் கட்டியவர் என் வீட்டுக்கு வந்தார். அவர் வட்டை விதானை. அந்த வட்டையிலுள்ள வயல்களுக்கெல்லாம் தண்ணீர் திறப்பதும் மறிப்பதும் வரம்புச் சண்டை தீர்ப்பதும் அவர் வேலை. என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தார். அதற்குப் பிறகு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறந்த நாளுக்கு மட்டும் கோயிலுக்கு வருவார், அதுவும் கேக்குக்காக என்று அவரே சொல்லுவார்.

மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களைப் படுக்கவைத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காருகிற வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. மகளும் விழுந்தாள். கொயினா மருந்தைக் கரைத்து மூக்கைப் பிடித்து ஊற்றினோம். ஐந்தாம் நாள் அவள் கண்ணையே திறக்கவில்லை. அன்றைக்கு என் கணவரின் அக்கா, என் மச்சாள், பக்கத்து ஊரிலிருந்து ஓடிவந்தாள். பிள்ளையைப் பார்த்த உடனே கிழக்குப் பக்கம் திரும்பி நின்று, வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு ஒரு பானை பொங்கி வைக்கிறேன் தாயே என்று கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள்.

"இந்த வீட்டில நேர்த்தி கீர்த்தி எல்லாம் வேணாம் மச்சாள்" என்று பாய்ந்தேன். பாய்ந்துவிட்டு நேராகக் குசினிக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, இவளை எனக்குத் தாரும், உயிருள்ளவரை ஒரு ஞாயிறும் தவறாமல் இவளைக் கூட்டிக்கொண்டு உம்முடைய சந்நிதியில் வந்து நிற்பேன் என்றேன். நாங்கள் அதைப் பொருத்தனை என்று சொல்லுவோம். பெயர்தான் வேறு.

மகள் பிழைத்தாள். வைகாசி வந்தது, மச்சாள் பொங்கினாள், ஒரு வாய் வெற்றிலை போட்டாள், தன் நேர்த்தியை மறந்தே போனாள். அவளுடையதற்கு ஒரு முடிவு இருந்தது. என்னுடையதற்கு இல்லை. மச்சாளை அஞ்ஞானி என்று மனதுக்குள் நினைத்த நான்தான் அவளைவிடக் கொடிய பேரம் ஒன்றைப் பேசி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை எப்படிச் சொல்வது? சனிக்கிழமை மத்தியானமே எனக்கு இருப்புக் கொள்ளாது. துறையடிக்குப் போய்க் காற்றைப் பார்ப்பேன். தோணிக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், காக்கா என்றுதான் கூப்பிடுவோம்; அவரிடம், நாளைக்கு வருவீங்கதானே என்று கேட்பேன். அரை மணிக்குப் பிறகு திரும்பப் போய்க் கேட்பேன். "டீச்சர், எத்தினி தரம் கேப்பீங்க? நான் மவுத்தானாலும் என்ட தோணி வரும்" என்று அவர் சிரிப்பார். அறுவடைக் காலத்தில் வீட்டில் இருபது பேருக்குச் சோறு வைக்கவேண்டிய ஞாயிறும் போனேன். காலில் கட்டி பழுத்து நடக்க முடியாத ஞாயிறும் போனேன். மகளுக்குக் கொப்பளிப்பான் போட்டு உடம்பெல்லாம் கொப்புளமாக இருந்த ஞாயிறு, அவளை வெள்ளைச் சீலையால் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று உள்ளே போகாமல், சுவர் ஓரமாக யன்னலுக்கு வெளியே நின்றேன். போதகர் கண்டுவிட்டு ஆள் அனுப்பினார், வீட்டுக்குப் போகச் சொல்லி. ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு ஆசீர்வாதம் சொல்லி முடியும்வரை அங்கேயே நின்றேன். வெயிலில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தாள்.

உள்ளே உட்கார்ந்த ஞாயிறுகள் மட்டும் என்ன வாழ்ந்தது? பிரசங்கம் காதில் ஏறாது. பள்ளிக்கூடம் விடுகிற மணிக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரிக் கடைசி ஆமெனுக்குக் காத்திருப்பேன். அது வந்த உடனே மூச்சு விடுவேன். தோணி இந்தக் கரையைத் தொடுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்து நெஞ்சில் குந்திக்கொள்ளும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தத் தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவளும் நான்தான். கிருபை என்றால் என்ன என்று கேட்பேன். தகுதியில்லாதவர்களுக்குத் தேவன் காட்டும் தயவு என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தும். பிழையில்லாமல் ஒப்புவிக்கிற பிள்ளைக்கு நிறப்படம் ஒன்று பரிசு. உழைத்துச் சம்பாதிக்க முடியாதது கிருபை என்று பாடமாக்கி ஒப்புவித்தால் பரிசு! இதில் இருந்த பகிடி எனக்கு அப்போது விளங்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே. கூடுதலான படங்களை வாங்கியது என் மகள்தான்.

அவளுக்கு ஒன்பது வயதான வருடம் மாரி மழை அடித்து ஊற்றியது. வருடத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனை. வருடம் முழுக்கத் தவறினாலும் அந்த ஒரு ஞாயிறு தவறக்கூடாது என்று எல்லோரும் வருவார்கள். அன்றைக்கு விடிந்தபோது வாவி வேலியடிவரை வந்து நின்றது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து முகத்தில் அறைந்தது. கணவர் இரவெல்லாம் வாய்க்கால் கரையில் நின்றுவிட்டுச் சேற்றோடு வந்தார்.

"இண்டைக்குப் போகாத புள்ள" என்றார்.

"இண்டைக்கு உடன்படிக்கை."

"உன்ட ஆண்டவருக்கு இந்த வெள்ளம் தெரியாதா? அவர்தானே அனுப்பினவர்."

பகிடியாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வருடத்துக்கு ஒருநாள் கேக் தின்ன வருகிறவர் எனக்குக் கடவுளைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் திரும்பவும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். அந்த வார்த்தையை நான் விட்டிருக்கக் கூடாது.

துறையடியில் காக்கா தோணியைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்.

"தோணி போகா டீச்சர். தண்ணி முகத்துவாரப் பக்கம் இழுக்கி."

நான் ஒற்றைக்காலில் நின்றேன். கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் நானே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். ஏலாது என்றால் நானே தள்ளிக்கொண்டு போகிறேன் என்றேன். எனக்குத் தோணி தள்ளத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு ஏறினார். மகள் தன் இடத்தில் வந்து குந்தினாள்.

பாதி வழிவரை தாக்குப்பிடித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு அலையும் ஒரு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றியது. மகள் சிரட்டையால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள். நானும் இரண்டு கையாலும் அள்ளினேன். தோணி தள்ளுகிற கம்பு நிலத்தைத் தொடவில்லை, தோணி பக்கவாட்டில் இழுபட்டது.

"கிறுகித் திரும்புவம் டீச்சர்!" என்று காக்கா கத்தினார்.

"இல்ல, அங்கால விடுங்க. இன்னும் கொஞ்சத் தூரம்தான்."

"என்ட வீட்டிலயும் மூணு புள்ளெயள் இரிக்கி!"

என்னைக் கேட்காமலே அவர் தோணியைத் திருப்பத் தொடங்கினார். நான் எழும்பி அவர் கையிலிருந்த கம்பைப் பிடித்தேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. பிள்ளைத்தாய்ச்சி மாதிரித் தள்ளாடும் தோணியில், எவளுடைய உயிருக்காக நேர்ந்தேனோ அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் கம்புக்குச் சண்டை பிடித்தேன். தோணி ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரை மொண்டது.

அப்போதுதான் மகள் இறைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அழவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற குரல்தான்.

"அம்மா, இண்டைக்குப் போகாட்டி நான் செத்துப்போவனா?"

நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மச்சாள் சொன்னாளோ, கணவர் பகிடி பண்ணும்போது கேட்டாளோ, என்னையே பார்த்துத் தெரிந்துகொண்டாளோ. எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை ஞாயிறாகத் தெரிந்திருந்ததோ! வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு ரிப்பன் கட்டி, பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்றைக்கும் சாகாமல் இருக்க என்று அவள் என் பின்னால் வந்திருக்கிறாள். நான் அவளுக்குக் காட்டிக்கொடுத்த கடவுள் வாசலில் நின்று வரவு பார்க்கிறவர். ஒரு நாள் வராவிட்டால் பிள்ளையின் கழுத்தைத் திருகுகிறவர்.

இல்லை மகள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒரு சொல் வரவில்லை. ஏனென்றால் நான் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராததைக் கண்டுவிட்டு, குனிந்து திரும்பவும் தண்ணீரை அள்ளத் தொடங்கினாள்.

நான் கம்பை விட்டுவிட்டேன். காக்கா தோணியைத் திருப்பினார். காற்று பின்னால் தள்ள, போனதில் பாதி நேரத்தில் எங்கள் கரைக்கு வந்துவிட்டோம். இறங்கும்போது அவர் பிள்ளையின் தலையைத் தன் துவாயால் துடைத்துவிட்டு, "போங்க மகள், போய்ச் சூடா ஏதும் குடிங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் நான் வாழ்ந்த வாரமா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வாங்குகளுக்கு நடுவே நடந்துபோய்த் தொட்டேன். அவளும் நான் பார்க்காத நேரம் தன் கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்ப்பதைக் கண்டேன். இரண்டு பேரும் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

புதன்கிழமை பின்னேரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

 இதோ வந்துவிட்டது, ஆண்டவர் கேட்டு வாங்க வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கணவர் கொயினா எடுக்க ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போனார். நான் பாயில் அவள் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். ஆனால் என்னத்தை நேர்வது? எல்லா ஞாயிறையும் முன்னமே கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உபவாசமா? மச்சாளின் அம்மனுக்கு ஒரு பானையா? சத்தியமாக அதுகூட மனதில் வந்தது. வாய் அசைந்திருக்க வேண்டும். பிள்ளை சூடான கையால் என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, திரும்ப ஒண்டும் நேராதங்க" என்றாள். "எனக்குக் களைப்பா இரிக்கி."

காய்ச்சலின் களைப்பை அவள் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன், வெட்கத்தைவிட்டு அவள் முன்னாலேயே அழுதேன். பிறகு, தோணியில் வராத சொல்லை இழுத்து வெளியே எடுத்தேன்.

"இல்ல மகள். கோயிலுக்குப் போகாததால ஒருத்தரும் சாகிறல்ல. நனைஞ்சதால வந்த காய்ச்சல் இது. நனைய வச்சது நான்."

சொல்லும்போது எனக்கு முழு நம்பிக்கை இருக்கவில்லை. பயம் அப்படியே இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவளுக்குக் கேட்கவேண்டியிருந்தது. அன்று இரவு நான் ஒன்றும் நேரவில்லை. ஒன்றையும் கொடுக்காமல், ஒன்றையும் பேரம் பேசாமல், அவள் பக்கத்தில் சும்மா படுத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை அதுதான். கிருபையைப் பற்றி நான் ஒப்புவிக்க வைத்ததெல்லாம் சரி, அதற்குள் படுத்திருக்க எவ்வளவு பயமாக இருக்கும் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. ஞாயிறு வந்தது. போவமா என்று அவளைக் கேட்டேன். கேட்டதே அதுதான் முதல் தடவை.

"கட்டாயமா?"

"இல்ல."

"அப்ப நான் வரல்ல."

நானும் போகவில்லை. காற்று ஓய்ந்திருந்ததால் எதிர்க்கரை மணிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.  கழுவிய சட்டிகளைத் திரும்பக் கழுவினேன். கணவர் என்னைப் பார்த்துப் பகிடி ஒன்றும் பண்ணாமல் தேங்காய் உரித்துத் தந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. மகள் முற்றத்தில் கல் விளையாடினாள், சத்தமாகச் சிரித்தாள். திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது, அவள் சாகவில்லை.

மூன்றாம் ஞாயிறு காலையில் நான் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் வெள்ளைச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். முதுகுப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

"கோயிலுக்குப் போவம் அம்மா."

"என்னத்துக்கு மகள்? கட்டாயமில்லை எண்டு சொன்னன்தானே."

"ஓம். பாட்டுப் பாட ஆசையா இரிக்கி" என்றாள், இதையெல்லாமா கேட்பது என்கிற மாதிரி.

நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சீலையை மாற்றினேன். துறையடிக்கு அவள் எனக்கு முன்னால் ஓடினாள். எதைக் கொடுக்கப் போகிறேன், எதை வாங்கப் போகிறேன் என்று ஒன்றும் தெரியாமல், நான் வெறுங்கையோடு தோணியில் ஏறினேன். பயமும் கூடவே ஏறியது. மகள் அந்தக் கரைவரை பாடிக்கொண்டே வந்தாள்.