வேகம் குறைந்த ரவியண்ணையும் பந்து பிடித்த நானும்

பேஸ்போலில் பந்து பிடிக்கிறவனுடைய வேலை, ஒருவர் முழுப் பலத்தோடு எறிகிறதை, மட்டை பிடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து வாங்குவது. சம்பளம் இல்லை, முழங்கால் வலி மட்டும் தவறாமல் கிடைக்கும். நிலத்துக்கு ஓடு பதிக்கிறவர்கள், கடையில் கீழ்த்தட்டுக்குச் சாமான் அடுக்குகிறவர்கள், குந்தி எழும்பும்போது "அம்மா" என்று சொல்கிற எல்லோரும் என் இனம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கிழமை நாட்களில் எனக்குப் பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்குப் புறநகர் அணி ஒன்றில் ரவியண்ணையின் பந்தைப் பிடிப்பேன். அதைப்போல ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் கிடைத்ததில்லை என்று, மனைவிக்குக் கேட்காத தூரத்தில் நின்று சொல்லுவேன்.

மடிந்த கை

2012 கோடை. பியர்ஃபித்-சூர்-செய்ன் பக்கம் ஒரு புல்வெளியில் எங்கட தமிழ் ஆட்களோடு கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தேன். ரவியண்ணை பாரிசின் ஸ்டாலின்கிராட் பகுதியில் ஒரு உணவகத்தில் சமையல்காரர். யாழ்ப்பாணத்தில் வேகப்பந்து போட்டவர். ஆனால் போடும்போது முழங்கை மடிகிறது என்று நடுவர்கள் "நோ போல்" சொல்லிச் சொல்லியே அவரை நோகடித்திருந்தார்கள். பாரிசுக்கு வந்தும் அந்தக் கரைச்சல் விடவில்லை. அன்றைக்கும் நடுவர் கையை நீட்ட, அண்ணை பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கோபத்தோடு வேலிப் பக்கம் போய்விட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சு அணி பேஸ்போல் பழகிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பந்தொன்று அண்ணையின் காலடிக்கு வந்தது. இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துத் திருப்பி எறிந்தார். மைதானத்தின் மறுகரையில் நின்ற பயிற்சியாளர் பத்ரிக்கின் கையுறைக்குள் அது பட்டாசு மாதிரி வெடித்தது. பத்ரிக் மூச்சிரைக்க ஓடிவந்து, எங்கள் அணியில் சேருவீர்களா என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். எறிகிறவருடைய வேலை என்ன என்று பத்ரிக் நீளமாய் விளக்கினார். அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கை மடியலாமா? உங்களுக்கு விருப்பமான மாதிரி மடியுங்கள் என்று பத்ரிக் சிரித்தார். அண்ணை என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கை மடிஞ்சால் குற்றமில்லையாமோ? டேய் கேதீஸ், இது எனக்கெண்டே செய்த விளையாட்டடா!"

அடிக்க வந்தவர் கேட்ட கேள்வி

அண்ணையின் பந்தைப் பிடிக்க அந்த அணியில் ஒருவரும் முன்வரவில்லை. கிரிக்கெட்டில் விக்கெட் காத்தவன் என்பதால் அந்தக் கையுறை என் கையில் ஏறியது. விளையாட்டு இதுதான்: மூன்று பந்து தவறினால் அடிக்கிறவர் வெளியே. அடிக்கக்கூடிய இடத்தில் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும் அது தவறுதான்.

முதல் ஆட்டத்தில் எதிரணியிலிருந்து கதவளவு அகலமான ஒரு மனிதர் வந்து நின்றார். அண்ணை காலைத் தூக்கினார். அடுத்தது எனக்குத் தெரிந்தது கையில் விழுந்த இடிதான். மனிதர் மட்டையை அசைக்கவே இல்லை. திரும்பி, மிகவும் மரியாதையாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மன்னிக்கவேணும் மெசியு, அவர் எறிஞ்சிட்டாரோ?"

வீங்காத கை

நாலைந்து கோடைகள் அப்படிப் போயின. திங்கட்கிழமைகளில் என் இடது உள்ளங்கை இட்டலி மாதிரி வீங்கியிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் என்ன நடந்தது என்று கேட்பார்கள், நான் பெருமையாய்க் காட்டுவேன்.

பிறகொரு திங்கட்கிழமை ரவியண்ணையின் மனைவி வதனியக்கா மீன் வாங்க வந்தார். பையை நீட்டிய என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கமில்லை, சிவப்பில்லை. அதுவரை நானே அதைக் கவனித்திருக்கவில்லை. அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உன்ர கை இப்ப நல்ல வடிவாய் இருக்குது, தம்பி. அந்தாளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

பொய் சொன்ன கருவி

சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. பத்ரிக் வேகம் அளக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்தார், பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். அதைப் பிடிக்கிற பொறுப்பு அமலோர் ஐயாவுக்கு. அவர் புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், எங்கள் அணிக்கு இருந்த ஒரே தமிழ் ரசிகர். அண்ணை எறிந்தார். ஐயா இலக்கத்தை வாசித்தார். அணிக்குப் புதிதாய் வந்திருந்த ஃப்ளோரியன் என்ற நெட்டையன் எறிந்ததைவிட அது நன்றாய்க் குறைவு.

"பற்றரி முடிஞ்சிருக்கும்" என்றார் அண்ணை. ஐயா புதுப் பற்றரி போட்டார். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தார். இலக்கம் இன்னும் இறங்கியது. எல்லோரும் புல்லைப் பார்த்தோம். ஐயா மெல்லச் சொன்னார்:

"மெசியே ரவி, நான் வேணும்னா பழைய பேட்டரியையே போட்டுடறேங்க."

மெதுவாய் எறிகிற வெட்கம்

அந்த வருடம் முழுக்க அண்ணை வேகத்துக்காகத் தன்னை வதைத்தார். ஒவ்வொரு பந்தையும் கடைசிப் பந்து மாதிரி எறிந்தார். எதிரணியினர் ஒவ்வொன்றையும் வேலிக்கு மேலால் அனுப்பினார்கள். ஆட்டம் முடிந்து ரயிலில் வரும்போது தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருப்பார். மேல்பிரிவுக்கு ஏறுகிற ஆட்டம் நெருங்கியபோது, அதில் முதலில் எறிவது ஃப்ளோரியன் என்று பத்ரிக் அறிவித்தார்.

அன்று ரயிலில் நான் வாயைத் திறந்தேன். அண்ணை, எல்லாப் பந்தும் ஒரே மாதிரி வருகிறது, அதனால்தான் அடிக்கிறாங்கள். நடுவில் ஒன்றை மெதுவாய் எறிந்து பாருங்கள். உள்ளங்கையில் ஆழமாய்ப் பிடித்தால் கை அதே வேகத்தில் சுழலும், பந்து மட்டும் பிந்தி வரும். குந்தியிருக்கிற எனக்கு அடிக்க நிற்கிறவர்களுடைய கால் எப்போது அவசரப்படுகிறது என்று தெரிகிறது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஸ்டேஷன் வந்து இறங்கும்போது சொன்னார்:

"ஓமடா, நீ சொல்லுறது விளங்குது. ஆனா மெதுவாய் எறிய எனக்கு வெக்கமாய்க் கிடக்கு."

ஆனாலும் அடுத்த பயிற்சியில், ஒருவரும் பார்க்காத மூலையில், எறிந்து பார்த்தார்.

கடைசிப் பந்து

மேல்பிரிவுக்கான ஆட்டம். ஃப்ளோரியனின் பந்து துவக்குச் சூடு மாதிரித்தான் வந்தது. ஆனால் சில நேரம் என் தலைக்கு மேலால் போனது, சில நேரம் நிலத்தைக் கிளறியது. கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னே. இன்னும் ஒருவரை வெளியேற்றினால் வெற்றி. ஆனால் எதிரணியினர் ஓடுபாதையின் மூன்று மூலையிலும் ஓடத் தயாராய் நிற்கிறார்கள், ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் போய்விடும். ஃப்ளோரியன் கையைத் திரும்பத் திரும்பக் காற்சட்டையில் துடைத்தான். பத்ரிக் மைதானத்துக்குள் நடந்துவந்து, ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்த அண்ணையைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அடிக்க வந்தவர் அந்த அணியின் பெரிய ஆள். நான் விரலால் சைகை காட்டினேன்: மெதுவாய். அண்ணை கையை மின்னலாய்ச் சுழற்றினார், பந்து ஆறுதலாய், பிந்தி வந்தது. பெரிய ஆள் அது வந்துசேர முன்னமே மட்டையை வீசி, ஒரு காலில் சுழன்றார். ஒன்று! மறுபடி மெதுவாய். இந்தமுறை பொறுத்துப் பார்த்தார், ஆனாலும் முந்திவிட்டார். பந்து மட்டையில் உரசி எல்லைக்கு வெளியே ஓடியது, அதுவும் தவறுதான். இரண்டு! வாங்கில் எங்கட அணி எழும்பி நின்று கத்துகிறது.

மூன்றாவதும் மெதுவாய் என்று காட்டினேன். அண்ணை தலையாட்டி மறுத்தார். மறுபடி காட்டினேன். மறுபடி மறுத்தார். நடுவரிடம் நேரம் கேட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணை, மெதுவாய்த்தான் போடவேணும்."

"அவன் இப்ப அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான். நான் வேகமாய்ப் போடப்போறன்."

"உங்களிட்டை இப்ப வேகம் இல்லையே அண்ணை!"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்கு இண்டைக்குத்தான் என்னைத் தெரியும்."

திரும்பி வந்து குந்தினேன். அண்ணை எறிந்தார். அவர் இளமையில் எறிந்ததில் பாதிச் சத்தம்கூட இல்லை. ஆனால் இரண்டு மெதுவான பந்துக்குப் பிறகு அது எங்கிருந்தோ பாய்ந்து வந்த மாதிரி இருந்தது. பெரிய ஆள் மட்டையைத் தோளில் வைத்தபடியே உறைந்துபோனார். நட்ட நடுவே, என் கையுறைக்குள் பந்து. மூன்று! நான் முழங்காலை மறந்து பாய்ந்து எழும்பினேன். அண்ணை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவர, இருவரும் மோதிப் புல்லில் விழுந்தோம், எங்களுக்கு மேலே முழு அணியும் விழுந்தது. பத்ரிக் தொப்பியை எங்கோ எறிந்துவிட்டார். கைகுலுக்க வந்த பெரிய ஆள் இன்னமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்:

"இந்த மனிசன் இவ்வளவு வேகமாய் எறிவார் எண்டு ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை?"

கடையில்

மறுநாள் அண்ணை எங்கள் கடைக்கு வந்து, அரிசி மூட்டையில் ஒரு காலை ஊன்றி, வருகிற எல்லோருக்கும் அந்த மூன்று பந்தையும் எறிந்து காட்டினார். நான் பக்கத்தில் குந்திப் பிடித்துக் காட்டினேன். முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்த ஒரு அக்கா முழுவதையும் பொறுமையாய்ப் பார்த்தார், கைகூடத் தட்டினார். பிறகு கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி, அண்ணை எத்தினை விக்கெட்?"

எறிகிறவருக்கு வேகம் குறைந்தால் பரவாயில்லையா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, நட்டம்தான், ஆனால் அதை எதிரே மட்டையோடு நிற்கிறவரிடம் நாங்களாகப் போய்ச் சொல்லவேண்டிய தேவையில்லை.