சாய்வு மாறிய தகடு

யோகலிங்கத்தின் இடது கையில் நான்கு விரல்கள் போனது 1962ஆம் ஆண்டு, பரந்தன் பக்கத்து அரிசி மில்லொன்றில். சரிந்த மூட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினான். ஓடிக்கொண்டிருந்த பெல்ட் இழுத்துவிட்டது. பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

இரணைமடுக் குடியேற்றத்தில் அவனுக்கு வயல் இருந்தது. ஆனாலும் சனம் அவனை அறிந்தது கல்யாண வீடுகளில் கிற்றார் வாசிப்பவனாகத்தான். தேயிலைப் பெட்டிப் பலகையில் தானே செய்த கிற்றார்.

காயம் ஆறியதும் அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தான். வலது கையால் கம்பியை அழுத்தி, மிஞ்சிய பெருவிரலால் மீட்டலாம். கம்பிகளை இடம் மாற்றிக் கட்டினான். சுருதி சேரவில்லை. கம்பிகளைத் தாங்கிய இரும்புத் தகட்டைப் பழைய வரிசைக்கேற்பச் சாய்வாகப் பூட்டியிருந்தான். இனி அதை மறுபக்கம் சாய்த்துப் பூட்ட வேண்டும்.

திருகாணிகளைக் கழற்றிப் புதிதாகத் துளைக்கப் பார்த்தான். புதுத் துளை விழவேண்டிய இடம் பழைய துளையின் விளிம்பிலேயே இருந்தது. துளையிடும் துறப்பணம் சறுக்கிப் பழைய துளைக்குள் இறங்கியது. நெருப்புக்குச்சிகளைச் செருகி அடைத்துவிட்டுத் துளைத்தான். கம்பியை முறுக்கியதும் தகடு திருகாணிகளோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பிறகு பாலை மரத்தில் முளை சீவி, தச்சர் பாவிக்கும் வச்சிரப் பசையைத் தடவிப் பழைய துளைக்குள் இறுக்கி, காயவிட்டுத் துளைத்தான். இம்முறை முளை நின்றது. சுற்றியிருந்த பலகை வெடித்தது.

"காணும், விடுங்கோ," என்றாள் மனைவி இராசமலர். வயலுக்கும் மாட்டுக்கும் அவள்தான் தனியே ஓடிக்கொண்டிருந்தாள்.

"இதையும் விட்டால் நான் என்னத்தைப் பிடிக்கிறது?"

அவள் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

அந்தக் கிழமை முல்லைத்தீவிலிருந்து சரீப் வந்தான். கல்யாணங்களில் இவனோடு டோலக் அடிப்பவன். தேத்தண்ணி முடியும்வரை மழையைப் பற்றிக் கதைத்தான்.

"அண்ணை, செட்டிகுளத்துக் கல்யாணத்துக்கு ஒரு வயலின்காரரைக் கேட்டிருக்கிறம். கோவியாதேங்கோ."

"ஓம். அதுதான் சரி," என்றான் யோகலிங்கம்.

சரீப் போனதும் கிற்றாரைக் குசினிக்குள் கொண்டுபோய் விறகுக்கு மேல் போட்டான். அரிசி களைந்துகொண்டிருந்த இராசமலர் ஈரக் கையோடு எழும்பினாள்.

"பலகை மெல்லிசெண்டுதானே வெடிக்குது? உள்ளுக்கு ஒரு கட்டை குடுத்தனீங்களோ?"

"நினைச்சனான். துளைக்கேக்கை கட்டையை உள்ளுக்குப் பிடிக்க என்னட்டை எங்கை கை?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிற்றாரின் வட்ட வாய்க்குள் கையை விட்டு, பலகைக்கு அடியில் கட்டையை அண்டக் கொடுத்தாள். அவன் துறப்பணத்தின் தலையை மொட்டைக் கையால் அழுத்திக்கொண்டு சுழற்றினான். முனை கட்டையைத் தாண்டி அவள் விரலில் ஏறியது. அவள் கையை எடுக்கவில்லை. வெளியே எடுத்தபோதுதான் அவன் இரத்தத்தைக் கண்டான்.

தகடு நின்றது. சுருதியும் சேர்ந்தது. திருப்பிப் பிடித்து வாசிக்கப் போனான். வலது கை விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பிகள் செத்த சத்தம் போட்டன. கிற்றாரின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

கல்யாண வீடுகளுக்கு அவன் திரும்பப் போகவேயில்லை. வருடங்கள் கழித்து ஒரே ஒரு பாட்டு விரலில் படிந்தது. இராசமலர் வயலிலிருந்து வரும்போது அதை வாசிப்பான். இடையில் பிசகினால் முதலிலிருந்து தொடங்குவான். அவள் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, முடியும்வரை முற்றத்தில் நிற்பாள்.