வெயிலில் வைத்த கருவி சொன்ன பொய்

சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியின் பஸ்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. வண்டி கிளம்பும் முன் டிரைவர்கள் மது சோதனைக் கருவியில் ஊத வேண்டும்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், மாலையில் தேட வேண்டாமே என்று கருவியைக் காலையிலேயே பஸ்ஸின் முன்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டேன். மாலை பிள்ளைகள் ஏறி உட்கார்ந்ததும் அதை எடுத்தேன். கையைச் சுட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. டிரைவர் முருகையா அண்ணாச்சி ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு காலத்தில் அவர் குடித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். "சாவியக் குடுங்க அண்ணாச்சி" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"குடிய விட்டு எட்டு வருசமாச்சும்மா. சத்தியமாச் சொல்லுதேன். எம் மக உள்ள இருந்து பாத்துக்கிட்டிருக்கா. நீங்க ஒருக்க ஊதிப் பாருங்க."

முன் சீட்டில் அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊதினேன். மதுவைத் தொட்டே அறியாத எனக்கும் சிவப்பு!

அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் கருவியை ஆறவைத்து, இருவரும் மறுபடி ஊதினோம். இரண்டு பேருக்கும் பச்சை. சூடேறினால் அளவு தவறும் என்று கருவியோடு வந்த சின்னப் புத்தகத்திலேயே போட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

பஸ்ஸில் ஏறி, பிள்ளைகள் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கம்மா, பிள்ளைகளுக்கு நேரமாகுது" என்று அவர் வண்டியை எடுத்தார். அவர் மகள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

இப்போது கருவி என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. தினமும் டிரைவர்கள் பார்க்க முதலில் நான் ஊதுகிறேன். எனக்குப் பச்சை எரிந்த பிறகே அவர்களிடம் நீட்டுகிறேன்.